‘பரவாயில்லை சிஸ்டர்’ என்று சொல்லாதீர்கள்! - ஆபரேஷனுக்குப் பிறகான வலியை எப்படிச் சமாளிப்பது?

வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் தேதி குறித்துவிட்டால் போதும், அதற்கு முந்தைய பத்து நாள்கள் பரபரப்பாகிவிடும். அஷ்டமி, நவமி பார்ப்பது, இன்ஷூரன்ஸ் அட்டையைத் தேடி எடுப்பது, ரத்தம் தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடுவது, ராத்திரி யார் துணைக்குப் படுப்பது, ஃப்ளாஸ்க், பெட்ஷீட், பழைய நைட்டி என எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் தயாராக இருக்கும். எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், எப்போது குளிக்கலாம், என்ன சாப்பிடலாம், எவ்வளவு செலவாகும்?

பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது ஒரே ஒரு கேள்விதான். ‘ஆபரேஷன் முடிந்த பிறகு வலி எப்படி இருக்கும், அதற்கு என்ன செய்வீர்கள்?’

‘கத்தி வெச்சா வலிக்கத்தான் செய்யும், பல்லைக் கடிச்சிட்டு ரெண்டு நாள் பொறுத்துக்கணும்’ என்பதுதான் நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பதில். வலி வரும் என்பது உண்மை. ஆனால், பல்லைக் கடிக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவத்தில் அவசியமில்லை. சொல்லப்போனால், பல்லைக் கடிப்பதால் உடம்பு தேறுவது தாமதமாகலாம்.

வலியைப் பொறுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

வயிற்றிலோ, நெஞ்சிலோ ஆபரேஷன் செய்துகொண்டவர் வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாகவே இழுப்பார். இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்வார். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்கும். அதிலிருந்து நிமோனியா வரை போகலாம். காலை அசைக்காமல் கட்டிலிலேயே கிடந்தால், காலின் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. கடுமையான வலி, உடம்பின் அழுத்த ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கவைக்கும். அதனால் பி.பி ஏறும், சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை அளவும் ஏறும். தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது. ஆபரேஷனுக்குப் பின் முதல் சில நாள்களில் கட்டுக்கடங்காத வலியை அனுபவித்தவர்களுக்கு, பின்னாளில் அது நாள்பட்ட வலியாக மாறும் வாய்ப்பும் அதிகம்.

ஆக, வலி மருந்து என்பது நோயாளியின் சௌகரியத்துக்காக மட்டும் கொடுக்கப்படுவதில்லை. அவர் மூச்சை ஆழமாக இழுக்கவும், எழுந்து நடக்கவும், தூங்கவும் கொடுக்கப்படுவது.

எங்கள் குடும்பத்தில் கடந்த சில ஆண்டுகளில் மூன்று பேருக்கு, தேதி குறித்துச் செய்த ஆபரேஷன்கள் நடந்தன. மூன்று பேரின் வலியும் மூன்று விதம். ஒவ்வொன்றிலும் மற்றவர்களுக்குப் பயன்படும் விஷயம் இருக்கிறது.

அம்மாவின் முழங்கால்: இரண்டாம் நாள் ராத்திரி

அம்மாவுக்கு 64 வயதில் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, கூடவே தொடைப் பகுதியில் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தும் செலுத்தியிருந்தார்கள். ‘நெர்வ் பிளாக்’ என்பார்கள். அன்று சாயங்காலம் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் அம்மா சிரித்துப் பேசினார். ‘எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல’ என்று போனில் எல்லோரிடமும் சொன்னார்.

மறுநாள் இரவு கதை மாறியது. முகம் வெளுத்து, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். ஆனால் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ‘வலி எப்படிம்மா இருக்கு?’ என்று கேட்டதற்கு, ‘பரவாயில்லை டாக்டர்’ என்றார். சிஸ்டர் கேட்டபோதும், ‘பரவாயில்லை சிஸ்டர்’. கேஸ் ஷீட்டிலும் அப்படியே பதிவாகியிருக்கும். மறுநாள் காலையில் பிசியோதெரபிஸ்ட் வந்து காலை மடக்கச் சொன்னபோது, கொஞ்சம்கூட மடக்கவில்லை. ‘அப்புறம் பண்றேன் தம்பி’ என்று அனுப்பிவிட்டார்.

மூட்டு மாற்று ஆபரேஷனில் இது சாதாரண விஷயமல்ல. ஆரம்ப நாள்களில் மடக்கி நீட்டிப் பழகாத முழங்கால் இறுகிப்போகலாம். அப்புறம் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலைகூடச் சிலருக்கு வருவதுண்டு. லட்சங்கள் செலவு செய்து மாற்றிய மூட்டின் பலன், அந்த ‘பரவாயில்லை’யில் மாட்டிக்கொண்டிருந்தது.

அன்று நைட் டியூட்டிக்கு வந்த சிஸ்டர் ‘வலிக்குதா’ என்று கேட்கவே இல்லை. ‘அம்மா, குதிகாலை மெத்தையில வெச்சு, கொஞ்சமா உங்க பக்கம் இழுங்க பார்ப்போம்’ என்றார். அம்மாவால் முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ‘இதுதாம்மா எனக்குத் தெரியணும். படுத்திருக்கும்போது வலி இல்லைங்கிறது கணக்கே இல்லை’ என்று சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். மருந்தின் அளவும் நேரமும் மாறின. பிசியோதெரபிக்கு 45 நிமிடங்களுக்கு முன்பு வலி மாத்திரை கொடுக்க ஏற்பாடானது. இரண்டு நாள்களில் அம்மா வாக்கர் பிடித்து வராண்டா வரை போனார். வலி இருந்தது, ஆனால் காலை மடக்கவிடாத வலியாக இல்லை.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒரு முறை செலுத்தும் நெர்வ் பிளாக் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் வரை வேலை செய்யும். அது விலகும்போது வலி ஒரேயடியாக எகிறும். அதனால், மரத்துப்போன தன்மை விலகுவதற்கு முன்பே அடுத்த மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டாவது, வலியை அசையாமல் படுத்திருக்கும்போது அளக்கக் கூடாது. இருமும்போது, புரண்டு படுக்கும்போது, எழுந்து உட்காரும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் சரியான அளவு.

சித்தியின் தோள்பட்டை: வயிற்றில் ஆபரேஷன், வலி எங்கேயோ!

சித்திக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் கர்ப்பப்பையை அகற்றினார்கள். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள்தான். மறுநாள் காலையில் வலது தோள்பட்டையில் குத்தும் வலி. வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? ‘ஹார்ட் அட்டாக்கா இருக்குமோ’ என்று பயந்து, சித்தப்பாவிடம்கூடச் சொல்லாமல் மூன்று மணி நேரம் தவித்திருக்கிறார்.

காரணம் எளிமையானது. லேப்ராஸ்கோப்பியில் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரிவதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தி, பலூன் போல விரிப்பார்கள். முடிந்ததும் வெளியேற்றினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பு கழுத்துப் பகுதியிலிருந்து கிளம்பி வருவது. தோள்பட்டையின் உணர்ச்சி நரம்புகளும் அதே பகுதியிலிருந்து வருபவை. எந்த இடத்திலிருந்து செய்தி வருகிறது என்று மூளை குழம்பி, தோளில் வலிப்பதாகப் பதிவு செய்துகொள்கிறது. வாயு தானாகவே உடம்பில் உறிஞ்சப்பட்டு, பெரும்பாலும் ஓரிரு நாள்களில் சரியாகிவிடும். மெதுவாக எழுந்து நடப்பது உதவும்.

டாக்டர் வந்து இரண்டு நிமிடம் விளக்கியதும் சித்தியின் வலி பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதிக்கு மாத்திரை. ‘முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் கண்ணு சாமிக்கெல்லாம் வேண்டிக்கப் போறேன்?’ என்று இப்போதும் சொல்வார். பயம் வலியைப் பெரிதாக்கும். காரணம் தெரிந்தால் அது சுருங்கும். அதேநேரம், தோள்வலியோடு மூச்சுத்திணறல், வியர்வை, நெஞ்சில் அழுத்தம் இருந்தால் வாயு என்று நாமே முடிவு செய்யக் கூடாது. உடனே சொல்ல வேண்டும்.

பெரியப்பாவின் மாத்திரை: மெடிக்கல் ஷாப்பில் கிடைத்த ஆபத்து

பெரியப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். சர்க்கரை, பி.பி இரண்டும் உண்டு; கிரியாட்டினின் அளவும் கொஞ்சம் கூடுதல். அதனால் டாக்டர் யோசித்து, பாரசிட்டமாலை மட்டும் வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் வலி குறைந்ததும், ‘மாத்திரை சாப்பிட்டா பழகிடும்’ என்று பெரியப்பா நிறுத்திவிட்டார். அன்று இரவு வலி திரும்பியது. விடிந்ததும் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ‘நல்ல வலி மாத்திரையா ரெண்டு அட்டை கொடுப்பா’ என்று வாங்கி வந்து, பழைய மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அண்ணிதான் சந்தேகப்பட்டு இரண்டு அட்டைகளின் பின்பக்கத்தையும் படித்துப் பார்த்தார். புதியதில் அசிக்ளோஃபெனாக், பாரசிட்டமால் இரண்டும் கலந்திருந்தன. அதாவது, பாரசிட்டமால் இரண்டு மடங்கு. கூடவே, டாக்டர் வேண்டாம் என்று தவிர்த்திருந்த வகை மாத்திரை. ‘மாமா, இது கிட்னிக்கு ஆகாதுன்னுதானே டாக்டர் எழுதல?’ என்று பிடுங்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். இரண்டு வேளையோடு நின்றதால் தப்பித்தார்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை நல்ல மருந்துகள்தான். ஆனால் சிறுநீரகப் பாதிப்பு, அல்சர், இதயநோய் இருப்பவர்களுக்கும், சில வகை பி.பி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்தாகலாம். பாரசிட்டமால் பாதுகாப்பானது என்றாலும், பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். எடை குறைந்தவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்களுக்கு அதைவிடக் குறைவு. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையின் வணிகப் பெயரைப் பார்க்காமல், அட்டையின் பின்னால் உள்ள மருந்தின் பெயரைப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது இருக்க வேண்டும்.

‘பழகிடுமா?’ - எல்லோரும் பயப்படும் கேள்வி

பெரியப்பாவின் பயம் பலருக்கும் உண்டு. பாரசிட்டமால், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் போதைப் பழக்கத்தை ஏற்படுத்துபவை அல்ல. அந்தப் பயம் பொருந்துவது மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகளுக்குத்தான். நம் நாட்டில் இவற்றை 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மருத்துவத் தேவைக்குத் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காக 2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் 2018-ல் டிரமடாலும் அந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில், சில நாள்கள் மட்டும், கடும் வலிக்காகக் கொடுக்கப்படும்போது பெரும்பாலானவர்களுக்குப் பழக்கம் ஏற்படுவதில்லை. ஆனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. எனவே, சொன்ன நாள்களுக்கு மேல் தொடரக் கூடாது. மிச்சமான மாத்திரையை ‘முதுகு வலிக்குது’ என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கவும் கூடாது.

இந்த மருந்துகளில் அதிகம் கவனிக்க வேண்டியது மூச்சைத்தான். அளவு கூடினால் மூச்சு மந்தமாகும். சத்தமான குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று வரும் பிரச்னையும் உள்ளவர்கள் இதை மயக்க மருந்து நிபுணரிடம் முன்பே சொல்ல வேண்டும். தினமும் குடிக்கும் பழக்கத்தை மனைவி, பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், தனியாகக் கூப்பிட்டாவது சொல்லிவிட வேண்டும். மருந்தின் தேர்வே அதனால் மாறும்.

சில ஆஸ்பத்திரிகளில் நோயாளியே பட்டனை அழுத்தி வலி மருந்தைச் செலுத்திக்கொள்ளும் பம்ப் உண்டு. எத்தனை முறை அழுத்தினாலும் நிர்ணயித்த அளவுக்கு மேல் போகாது. ஆனால் ஒரு நிபந்தனை: பட்டனை நோயாளி மட்டும்தான் அழுத்த வேண்டும். ‘பாவம், தூங்குறாரே, வலிக்கப் போகுது’ என்று துணைக்கு இருப்பவர் அழுத்திவிடக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவரின் கை தானாகவே நின்றுவிடும் என்பதுதான் அதன் பாதுகாப்பே.

உங்கள் வலிக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்

‘0 முதல் 10-க்குள் எத்தனை மார்க்?’ என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் கற்பனை செய்ய முடிந்த உச்சபட்ச வலி. குழந்தைகளுக்கும், எண்ணில் சொல்லத் தடுமாறும் பெரியவர்களுக்கும் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை உள்ள படங்களைக் காட்டுவார்கள். வலி பற்றிய சர்வதேச மருத்துவச் சங்கம் 2020-ல் தன் வரையறையைப் புதுப்பித்தபோதும், ஒருவர் தனக்கு வலிப்பதாகச் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. எனவே, ‘பக்கத்து பெட் அம்மா இவ்வளவு சத்தம் போடலையே’ என்ற ஒப்பீடு அர்த்தமற்றது.

எண்ணில் சொல்ல வராவிட்டால் கவலை வேண்டாம். வலியைச் சொல்லத் தமிழில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, பிசைகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, சுளீர் என்று இழுக்கிறது, மதமதவென்று இருக்கிறது என்று நாம் பேசும் ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு தகவல். எரிச்சலும், கரன்ட் ஷாக் அடிப்பது போன்ற சுளீரும் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. தையல் போட்ட இடம் வீங்கி, சூடாகி விண்விண் என்று தெறித்தால் சீழ் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘வலிக்குது’ என்பதோடு நிறுத்தாமல் எப்படி, எங்கே, எப்போது என்று சொல்லுங்கள்.

சிசேரியன் அம்மாக்களுக்கு...

‘வலி தெரியாம பெத்தவ’ என்ற பேச்சை சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் கேட்காமல் இருப்பது அபூர்வம். வயிற்றைக் கிழித்துத் தைத்த மறுநாளே எழுந்து, குழந்தையைத் தூக்கிப் பால் கொடுக்க வேண்டியிருக்கும் ஆபரேஷன் இது ஒன்றுதான். ‘பால் கொடுக்கிறவ மாத்திரை சாப்பிடக் கூடாது’ என்று தடுப்பதும் தவறு. டாக்டர் பரிந்துரைக்கும் அளவில் பாரசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானவை. டிரமடால், கோடீன் போன்றவற்றைத் தாய்ப்பால் கொடுக்கும்போது தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. எனவே, வீட்டில் இருக்கும் பழைய மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள்.

முதுகில் போட்ட ஊசியால்தான் ஆயுசுக்கும் முதுகுவலி என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. ஊசி போட்ட இடத்தில் சில நாள்கள் வலி இருக்கலாம். பல ஆண்டுகள் நீடிக்கும் முதுகுவலிக்கு அது காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால், உட்கார்ந்தால் கடும் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் அது ஊசியின் விளைவாக இருக்கலாம். அதற்கு சிகிச்சை உண்டு, சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்

* எனக்கு எந்த வகை மயக்க மருந்து? அது எத்தனை மணி நேரத்தில் விலகும்?
* அது விலகும்போது வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? ராத்திரியில் வலித்தால் யாரிடம் சொல்வது?
* எத்தனை நாள் கடும் வலி இருக்கும்? எப்போது குறையத் தொடங்கும்?
* ஆபரேஷன் செய்த இடம் தவிர வேறு எங்காவது வலி வருமா?
* நான் இப்போது சாப்பிடும் சர்க்கரை, பி.பி, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளோடு வலி மருந்து ஒத்துப்போகுமா?
* டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த மாத்திரை நேரப்படி, எது தேவைப்பட்டால் மட்டும்?

நிறைய படுக்கைகளுக்கு ஒரே ஒரு நர்ஸ் இருக்கும் வார்டில், துணைக்கு இருப்பவரின் பங்கு பெரிது. எத்தனை மணிக்கு என்ன மருந்து, அதற்கு முன்னும் பின்னும் வலிக்கு எத்தனை மார்க் என்று ஒரு சின்ன நோட்டிலோ, மொபைலிலோ குறித்துவைத்துக் காட்டினால், மருந்தை மாற்றி அமைப்பது சுலபம்.

வீட்டுக்கு வந்த பிறகு...

* முதல் சில நாள்கள் மாத்திரையை நேரப்படி சாப்பிடுங்கள். வலி உச்சத்துக்குப் போன பிறகு அடக்குவது கடினம். மொபைலில் அலாரம் வையுங்கள்.
* வயிற்றில் தையல் உள்ளவர்கள் இருமும்போதும் சிரிக்கும்போதும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள்.
* மூட்டு மாற்று செய்தவர்கள் இதமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. கால் மடங்கியே இறுகிவிடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 - 20 நிமிடங்கள் ஒத்தடம் கொடுக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது வேண்டாம்.
* ஓபியாய்டு வகை மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். ஹெர்னியா, மூலம் ஆபரேஷன் செய்தவர்கள் முக்குவது ஆபத்து. மாத்திரை தொடங்கும்போதே மலமிளக்கி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* பார்க்க வருபவர்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். நோயாளியின் மதியத் தூக்கமும் மருந்துதான்.

இந்த வலி வேறு!

குறைந்துகொண்டே வந்த வலி திடீரென அதிகமானால், காய்ச்சல் அல்லது சீழ் இருந்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், வயிறு கல் போல இறுகினால், மலம் கறுப்பாகப் போனால், சிறுநீர் குறைந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூக்கம் என்றால் உடனே 108.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்த மருந்தும் வலியை முழுமையாக 0-வுக்குக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்க முடியாது. மூச்சு விட, நடக்க, தூங்க முடிகிற அளவுக்குக் குறைப்பதுதான் இலக்கு. பெரும்பாலானோருக்கு வாரங்களில் வலி ஓய்ந்துவிடும். ஆனால் ஆபரேஷன் முடிந்து 3 மாதங்களுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால், அதை நாள்பட்ட வலி என்றே மருத்துவம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முழங்கால் மூட்டு மாற்று செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீண்ட கால வலி இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ‘ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு, மனசுதான் காரணம்’ என்று அவர்களை ஓரங்கட்ட வேண்டாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் மறுபடியும் காட்டுங்கள். வலி சிகிச்சைக்கென்றே தனிப்பிரிவு உள்ள மருத்துவமனைகளும் இப்போது இருக்கின்றன. அங்கே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அப்போதும் ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.